தங்கவயலும் நம் காவிரியும்



சில மாதங்களுக்கு முன் மயிலாடுதுறையில் நடைபெற்ற ஒரு நிக்காஹ் விருந்தில் எம் அருகே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், தம் ஊர் கோலார் தங்கவயல் என்று கூறினார். "அங்கே தமிழர்களும் இருக்கிறார்களா?" என வியந்து கேட்டார் எதிரே இருந்த இளைஞர். பெரியவர் புன்னகைத்தார். "தம்பி! உங்கள் ஊர்க் காவிரி இல்லாவிட்டால் எங்கள் ஊரில் விளக்கே எரிந்திருக்காது" என்றார். அவர் சொன்னதன் பொருள் அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை.

அவர் கூறியது வரலாற்று உண்மை. காவிரி பாயும் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே அனுப்பி, 1902-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தங்கவயல் இயந்திரங்களை இயக்கினார்கள். பெங்களூர் நகர வீதிகளுக்கே மின்விளக்கு 1905-இல்தான் வந்தது. கோடையில் ஆறு வற்றினால் சுரங்கத்திற்கு மின்சாரம் குறையும். அக்குறையைப் போக்குவதும் 1911-இல் தொடங்கப்பட்ட கிருஷ்ணராஜ சாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்று. அணையால் தஞ்சைப் பாசனம் கெடுமென்று சென்னை மாகாணம் வழக்காடியதும், 1924-இல் ஒப்பந்தம் ஏற்பட்டதும் நாம் அறிந்தவை. ஆக, தங்கவயலின் சுரங்கங்களும் நம் நெல்வயல்களும் ஒரே ஆற்றை நம்பி வாழ்ந்தவை. துலாக்கட்டத்தில் நின்று அந்நீரைப் பார்க்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஜான் டெய்லர் அன் சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் 1880-இல் அங்கே பணியைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து ஏழைக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிச் சென்றன. அவர்களுள் பெரும்பாலோர் சொந்த நிலமில்லாதவர்கள். சொந்த ஊரில் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகை செல்சியசைத் தாண்டும். திடீரெனப் பாறை வெடித்துச் சிதறி மாண்டவர்கள் பலர். கல்தூள் நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் நோயால் இருமி இருமி மாண்டவர்களும் பலர். விபத்தென்று கேள்விப்பட்டால் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் சுமந்தபடி சுரங்க வாயிலுக்கு ஓடுவார்களாம். மேலே வருபவர் உயிரோடு வருகிறாரா என்று காத்து நிற்பதே அவர்கள் வாழ்க்கையாயிருந்தது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அந்த மண் 800 டன் அளவுக்குத் தங்கம் தந்தது. அதை நிறுவனத்தார் அவுன்சு கணக்கில் எழுதி வைத்தனர். தோண்டியவர்களோ பெரும்பாலும் கூலிப் பட்டியலின் எண்களாகவே நின்றனர். 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, 'நாங்கள் என்ன குற்றவாளிகளா?' என்று கொதித்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அம்மக்கள் எழுத்தின் அருமையையும் அறிந்திருந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1914-இல் மறைந்த பின், அவருடைய 'தமிழன்' ஏட்டை 1926 முதல் தங்கவயலிலிருந்தே வெளியிட்டார்கள். எழுதியவை இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. எழுதாமல் விட்டவை மண்ணோடு போயின.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். பழைய லைன் வீடுகளும், சயனைடுக் கழிவு குவிந்த மண்மேடுகளும் எஞ்சி நிற்கின்றன.

அந்தப் பெரியவரிடம் அவருடைய பாட்டனாரைப் பற்றிக் கேட்டோம். "ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தார், சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை பார்த்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. எந்த ஊர், ஏன் வந்தார், உடன் பிறந்தவர்கள் யார் என்று அத்தாவிடம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை" என்றார். அவர் கண்கள் கலங்கின.

அவர் கதை நம் கதையும் அல்லவா? நம் பகுதியில் சபுராளி இல்லாத வீடு அரிது. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள், வெள்ளீயச் சுரங்கங்கள் சூழ்ந்த ஈப்போவில் கடை வைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளில் நாம் வாழ்கிறோம். எந்த ஆண்டு சென்றார், யாரிடம் வேலை பார்த்தார், எங்கே அடக்கமானார் என்று கேட்டால் விடை கூற வீட்டில் ஒருவருமில்லை. கணவர் திரும்பும் வரை பத்து ஆண்டுகள் தனியே குடும்பத்தைத் தாங்கிய பாட்டியாரின் கதையையோ எவரும் கேட்டதே இல்லை.

எனவே வாசகர்களுக்கு எம் வேண்டுகோள் இது. இம்மாதமே ஒரு குறிப்பேடு வாங்குங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவர் அருகே அமர்ந்து பெயர், ஊர், ஆண்டு, தொழில் என ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் கடிதங்களையும் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புகைப்படத்தின் பின்புறம் அதிலிருப்பவர் பெயரைப் பென்சிலால் குறித்து வையுங்கள். பெண்களிடம் கேட்க மறவாதீர்கள். குடும்பத்தின் உறவுமுறைகள் அவர்கள் நினைவில்தான் பத்திரமாக இருக்கின்றன.

பெரியவர்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அந்தத் தங்கவயல் பெரியவரின் வருத்தம் நம் பேரப்பிள்ளைகளுக்கு வர வேண்டாம்.