‘ரொம்ப ரேர் சார்!’

உறுப்பு மாற்று சிகிச்சை என்றால் நம் பத்திரிகைகளுக்கு இரண்டு படம் போதும். டிராஃபிக்கை நிறுத்திவிட்டுப் பறக்கிற ஆம்புலன்ஸ். பூங்கொத்தோடு சிரித்தபடி டிஸ்சார்ஜ் ஆகிற நோயாளி. 2008-ல் ஹிதேந்திரனின் பெற்றோர், மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைத் தந்ததிலிருந்து தமிழ்நாடு இதில் முன்னோடி மாநிலம். 2023-ல், தானம் தருகிறவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்றும் அறிவித்தார்கள். நல்ல விஷயம். மறுப்பே இல்லை.

பூங்கொத்து வாடிய பிறகு என்ன ஆகிறது?

புதுக் கிட்னியை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். அந்தக் கிட்னி வேலை செய்கிறவரை தினமும் மாத்திரைதான். வாட்ச்மேனைத் தூங்க வைத்த வீடு மாதிரி. உங்களுக்கும் எனக்கும் மூச்சோடு வந்து மூச்சோடு போகிற பூஞ்சைகள் அங்கே குடியேறிவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ், மியூகர், புறா எச்சத்தில் இருக்கும் கிரிப்டோகாக்கஸ்... (இந்த சிகிச்சைக்கே புது வழி திறந்த சைக்ளோஸ்போரின் மருந்து, நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது என்பது தனி வேடிக்கை.)

கேட்டால், ‘ரொம்ப ரேர் சார்’ என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ரேர்தான். கூட்டிப் பார்க்கணுமா, இல்லையா? நான் காமர்ஸ் படித்தவன். வரலாம், வராமலும் போகலாம் என்கிற செலவையும் கணக்கில் காட்டு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லட்சக்கணக்கில் போடுகிற ஆபரேஷன் பேக்கேஜில் அந்த வரி எங்கே?

ஒரு கணக்கு போடுவோம். பழைய ஆம்போடெரிசின் விலை குறைவு. ஆனால், கிட்னியைப் பதம் பார்க்கும். கடன் வாங்கி வைத்த கிட்னியை அதுக்கா பலி கொடுப்பது? அதனால், லைப்போசோமல் வகை. மியூகர் வந்தால் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு, 50 மில்லிகிராம் குப்பி தினமும் ஆறு. நாலு வாரத்துக்கு 168. குப்பி மூவாயிரம் என்றே வையுங்கள்... ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. மருந்து மட்டும்!

2021-ல் கொரோனாவோடு ‘கறுப்புப் பூஞ்சை’ வந்தபோது நாடே இந்த மருந்துக்கு அலைந்தது. ஜூனில் ஜி.எஸ்.டி. கவுன்சில் இதற்கு வரியே இல்லை என்றது. அந்த சலுகை டிசம்பர் 31-ஓடு முடிந்தது. பூஞ்சை என்ன, புத்தாண்டோடு ஊரைவிட்டா போயிற்று? கூட்டமாகச் செத்தால் சலுகை, ஒத்தையாகச் செத்தால் வரி. இது என்ன நியாயம்?

பணம் இருந்தாலும் நோயைக் கண்டுபிடிக்கணும். நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், சதை எடுத்து டெஸ்ட் பண்ணாமல் டி.பி. மாத்திரையை ஆரம்பித்துவிடுவது இங்கே நடக்கிறதுதான். அதில் ஓடிப்போகிற வாரங்களில் பூஞ்சை எங்கேயோ போய்விடும்.

காசே கேட்காத வேலைகளும் உண்டு. புது பிளாக் கட்டுகிறேன் என்று சுவரை இடிக்கிறார்களே, அந்தத் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பறக்கும் என்பது உலகம் முழுக்க மருத்துவமனைகளில் பார்த்த சங்கதி. டிரான்ஸ்பிளான்ட் வார்டுக்கும் இடிபாட்டுக்கும் நடுவே ஒழுங்காக ஒரு தடுப்பு போடக்கூடாதா? டிஸ்சார்ஜ் பேப்பரில் நாலு வரி எழுதக்கூடாதா? தோட்டத்து மண்ணைக் கிளறாதீர்கள், புறா எச்சத்தைச் சுத்தம் செய்யாதீர்கள், காய்ச்சலோ முகத்தில் வீக்கமோ வந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் நேராக இங்கே வாருங்கள் என்று. தமிழில்!