கடன் வாங்கிய வாளால் விடுதலை வருமா?

பெரம்பலூருக்கு வடக்கே, வாலிகண்டபுரத்தை அடுத்து, இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. 1751-ஆம் ஆண்டில் அக்கோட்டையருகே இரு பெரும்படைகள் மோதின. ஆர்க்காட்டு நவாபு பட்டத்திற்குச் சந்தா சாகிபும் முகம்மது அலியும் போட்டியிட்டனர். முன்னவர் பின்னே பிரெஞ்சுக்காரர். பின்னவர் பின்னே ஆங்கிலேயர். கோட்டைத் தலைவனோ எப்பக்கம் வெல்லும் என்று அறியாமல், இரு படைக்கும் வாயில் திறவாது காலங் கடத்தினான்.

அப்போட்டியின் முடிவு யாது? சந்தா சாகிபு 1752-இல் தலை வெட்டுண்டு இறந்தார். வென்ற முகம்மது அலியோ வெள்ளையரிடம் கடன்பட்டுக் கடன்பட்டு மூழ்கினார். 1765-இல் ஆங்கிலப் படையின் துணையோடு நவாபின் படை அரியலூர்ப் பாளையத்தைக் கைப்பற்றியது. அதன் இளம் பாளையக்காரர் தரங்கம்பாடிக்கு ஓட நேர்ந்தது. 1801-இல் கும்பினியார் ஆர்க்காட்டு ஆட்சியையே தமதாக்கிக் கொண்டனர். தோற்றவனுக்குத் தலை போயிற்று. வென்றவன் மரபினர்க்கு நாடு போயிற்று. படைக்கலம் கொடுத்தவன் மட்டுமே பயனடைந்தான்.

வல்லரசொன்று அண்டை நாட்டைக் குலைக்கும் முறை இதுவே. அது பகையைப் புதிதாகப் படைப்பதில்லை. இருக்கும் விரிசலில் ஆப்பை வைக்கின்றது. ஒரு சாரார்க்குப் படைக்கலம் தருகின்றது. அவர்களையும் ஒன்றாக விடாமல் பல கூறாக வைத்துக் கொள்கின்றது. தனக்கு வேண்டியது கிடைத்தவுடன் ஆப்பை உருவிக் கொள்கின்றது. இடையிற் சிக்கிய கையைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஈழத்தில் நிகழ்ந்ததும் இதுவன்றி வேறன்று. அங்கு விரிசலை உண்டாக்கியது தில்லி அன்று, சிங்கள அரசே. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்ததும், 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டமியற்றியதும், 1983 சூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழரை எரித்ததும் சிங்கள வெறியே. அவ்வெறியின் முன் ஈழ இளைஞர் படைக்கலம் தேடியது வியப்பன்று. வியப்பு, அதைத் தில்லி தேடிக் கொடுத்ததுதான்.

1983-ஆம் ஆண்டு முதல் இந்திய உளவுத்துறை ஈழ இளைஞர்க்கு மறைவாகப் போர்ப்பயிற்சி தந்தது. 1997-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பெற்ற செயின் ஆணைய இடைக்கால அறிக்கையால் இச்செய்தி அரசுத் தாளிலேயே ஏறிற்று. 1971-இல் வங்காளதேசம் பிறக்க இந்தியப் படை துணைநின்றதைக் கண்ட தமிழர், ஈழமும் அவ்வாறே மலரும் என்று நம்பினர். அந்த ஒப்புமை தவறானது. பாக்கித்தானை உடைப்பது தில்லிக்குப் பயன். இலங்கையை உடைப்பது பயனன்று. அமெரிக்காவின் பக்கம் சாய்ந்த செயவர்த்தனாவை வளைப்பதே அதற்குப் போதுமாயிருந்தது. வளைப்பதற்கு ஒரு கோல் வேண்டும். அக்கோலாகத் தமிழிளைஞர் ஆயினர்.

கோல் ஒன்றாயின் பிடித்தவன் கைக்கு அடங்காது போகலாம். ஆதலின் ஒரே அமைப்பாகத் திரட்டாமல், இயக்கம் இயக்கமாகப் பயிற்சி தரப்பெற்றது. 1986-இல் புலிகள் தெலோ இயக்கத்தைத் தாக்கி அதன் தலைவர் சிறீ சபாரத்தினத்தைக் கொன்றனர். சுட்டவர்களின் பழியை எவரும் துடைத்தல் இயலாது. ஆயினும், பிரித்து வளர்த்தவர்க்கு அதிற் பங்கில்லை என்று சொல்லுதலும் இயலாது.

1987 சூன் 4-இல் இந்திய வானூர்திகள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொட்டலங்களை வீசின. தமிழகம் மகிழ்ந்தது. சூலை 29-இல் இராசீவு காந்தியும் செயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தமிழர் சிக்கலைத் தீர்க்க எழுந்த அவ்வுடன்படிக்கையில் தமிழர் கையெழுத்து இல்லை. உடன் மாற்றிக்கொண்ட மடல்களைப் படித்தால் உண்மை விளங்கும். இந்திய நலனுக்குக் கேடாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்நாட்டுப் படைக்கும் தருவதில்லை. அங்குள்ள எண்ணெய்க் கிடங்கை இரு நாடும் கூடி நடத்துவது. அயல் வானொலி நிலையங்களுக்குத் தந்த இசைவை மீளாய்வு செய்வது. குருதி சிந்தியவன் தமிழன். விலை பேசிப் பெற்றவர் வேறு.

மூன்று திங்களுக்குள், அதே ஆண்டு அக்தோபரில், பயிற்சி தந்த படையும் பயிற்சி பெற்ற புலிகளும் போரிட்டனர். அக்தோபர் 21-இல் யாழ்ப்பாண மருத்துவமனையுள் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பெற்றனர். ஏறத்தாழ 1,200 இந்தியப் படைஞரும் மடிந்தனர். 1989-இல் அப்படையை வெளியேற்றப் பிரேமதாசா அரசே புலிகளுக்குப் படைக்கலம் தந்தது. அதே புலிகளை 2009-இல் கொழும்பு முள்ளிவாய்க்காலில் அழித்தது. உடன் அழிந்த மக்களின் தொகை இன்றும் ஒழுங்காக எண்ணப்பெறவில்லை. இடையே, 1991-இல் திருப்பெரும்புதூரில் இராசீவு காந்தி கொல்லப்பெற்றதும் இத்தீவினையின் ஒரு கிளையே.

தில்லி துணை செய்யாதிருந்தால் தமிழர் அன்றே அழிந்திருப்பரே என்பார் உளர். அடைக்கலம் தருவது வேறு; உலக மன்றத்தில் வெளிப்படையாக வழக்குரைப்பது வேறு; மறைவிற் படைக்கலம் தந்து, தன் கணக்கு முடிந்தவுடன் கைவிடுவது வேறு. முதலிரண்டும் அறம். மூன்றாவது வாணிகம்.

இக்குற்றம் பிறர்க்கே உரியது என்று தமிழர் மார்தட்டவும் வழியில்லை. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் வீற்றிருந்த இராசேந்திரன், வேங்கி நாட்டு உடன்பிறந்தார் பூசலில் ஒருவனுக்குத் துணைநின்று அந்நாட்டைத் தன் பிடியில் வைத்தான். சோழர் சிறையில் இறந்த ஐந்தாம் மகிந்தனை நினைவூட்டியே சிங்கள வெறியர் இன்றும் தம் மக்களை அச்சுறுத்துகின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன் செய்த வல்லாட்சிக்கு ஈழத்து ஏழை இன்று விலை கொடுக்கின்றான்.

இப்பொழுது செய்யத்தக்கது யாது? தில்லி மீண்டும் படை விடுக்கவேண்டும் என்று மேடையில் முழங்குவது அறியாமை. 1983-இல் ஈழ இளைஞர்க்குப் படைக்கலம் தந்த அரசு, 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது ஈழ ஏதிலியரை அதிற் சேர்க்கவில்லை. போராடக் கொடுத்தான், வாழக் கொடுக்கவில்லை. தமிழகத்து முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நாடென்று ஒன்று வேண்டுமன்றோ? அவர்கட்குக் குடியுரிமை கேட்பதும், இனக்கொலைக்கு உலக மன்றத்தில் நயன்மை கேட்பதும், ஈழத்தமிழர் தம் தீர்வைத் தாமே முடிவு செய்யட்டும் என்று கேட்பதுமே தமிழகத்தின் கடமை.

இரஞ்சன்குடிக் கோட்டைத் தலைவன் வாயிலைத் திறக்காமல் நின்றான். ஆயினும் போர் அவன் வாயிலுக்கே வந்தது. திறவாதிருந்தால் மட்டும் போதாது. வீட்டினுள் இருப்போர் ஒன்றாயிருத்தல் வேண்டும். பிளவுபட்ட வீட்டிற்கு அயலான் அழையாமலே வருவான்.