பாம்புக்கு நான் சீட்டு எழுத மாட்டேன்

நைட் டூட்டி முடிச்சு கிளம்புறப்ப சேலையூர் பக்கத்துத் தம்பி ஒருத்தர் வந்து நின்னார். "சார், ஒரு ஆன்டிபயாட்டிக் எழுதிக் குடுங்க." யாருக்கு? போன்ல போட்டோ காட்டுறார். பால் பைத்தான், வாயெல்லாம் சீழ். மெடிக்கல்ல கேட்டு அமாக்ஸிசிலின் வாங்கி அஞ்சு நாள் குடுத்தாச்சாம்.

கடுப்புலதான் எழுதுறேன். திட்டுறவங்க திட்டிக்கோங்க.

பாம்போட வாய்ப்புண்ணுல அடிக்கடி மாட்டுறது சூடோமோனாஸ் மாதிரி கிராம் நெகட்டிவ் கிருமி. அதுக்கிட்ட அமாக்ஸிசிலின் எடுபடாது, எவ்வளவு குடுத்தாலும். கல்ச்சர் எடுக்காம மருந்து குடுக்கிறது இருட்டுல கல்லெறியற வேலை.

"அப்ப சரியான மருந்தைச் சொல்லுங்க"ன்னு கேட்பீங்க. கால்நடை டாக்டர்கள் அதிகம் போடுறது செஃப்டாசிடிம் ஊசி. எங்க வார்டுல அதை 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுவோம். பாம்புக்கு 72 மணி நேரத்துக்கு ஒரு தடவை! அதோட உடம்புல மருந்து அவ்வளவு மெதுவா வெளியேறும். அமிகாசின்னா, நீர்ச்சத்து குறைஞ்ச பாம்புக்கு கிட்னி போயிடும். என்ரோஃப்ளாக்சாசின் குத்தின இடமே அழுகலாம். கூண்டு ஏசி ரூம்ல சில்லுனு கிடந்தா எந்த மருந்தும் ஒழுங்கா வேலை செய்யாது. இதெல்லாம் எம்பிபிஎஸ்ல சொல்லித் தரல, கால்நடை டாக்டர் நண்பர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. அதனாலதான் சீட்டு எழுத மாட்டேன்.

செஃப்டாசிடிம் ஷெட்யூல் எச்1 மருந்து. 2014ல இருந்து, வித்தா டாக்டர் பேரு, நோயாளி பேரு எல்லாம் ரெஜிஸ்டர்ல எழுதி 3 வருஷம் வைக்கணும். நோயாளி பேருன்னு பைத்தான்னா எழுதுவாங்க? வென்டிலேட்டர்ல கிடக்கிறவருக்கு கல்ச்சர் ரிப்போர்ட்ல வரிசையா 'ரெசிஸ்டன்ட்'னு வர்றப்ப, அந்தக் குடும்பத்துக்கிட்ட பேசப் போறது நாங்கதான். சாதா சளிக்கு அசித்ரோமைசின் எழுதுற எங்க ஆளுங்க மேலயும் இதே கோபம் உண்டு.

ஏன் தம்பி கால்நடை டாக்டர்கிட்ட போகலன்னு கேட்டேன். பேப்பர் இல்லையாம். 2024 விதிப்படி பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும், பண்ணல. மாட்டிக்குவோம்னு பயம். அந்தப் பயத்துக்கு விலை குடுக்கிறது வாயை மூட முடியாத அந்த ஜீவன். தாம்பரத்துல ட்ரெயின் ஏறி எழும்பூர்ல இறங்கினா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், போய்க் காட்டுங்கன்னு அனுப்பினேன்.

போறப்ப சொல்றார், வீட்டுல 2 வயசுக் குழந்தை இருக்காம். நல்லா இருக்கிற பாம்போட குடல்லயும் சால்மொனெல்லா இருக்கும். அதை மருந்து குடுத்து ஒழிக்கப் பார்த்தா, மருந்துக்கு அடங்காததுதான் மிஞ்சும். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அந்தத் தண்ணிக் கிண்ணத்தை கிச்சன் சிங்க்ல கழுவாதீங்க.