டம் டம் சத்தமும் ஒரு கையெழுத்தும்

இந்த முறை கொஞ்சம் சத்தமான விஷயம் மக்களே. டெக்னோ, ஹவுஸ். "அய்யோ, அந்த டம் டம்மா?"ன்னு ஓடிடாதீங்க. அது நல்ல இசையா இல்லையான்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. உங்க காது, உங்க இஷ்டம். நான் பேங்க்காரன். பாட்டுக்குப் பின்னாடி இருக்கற பேப்பரைப் பத்தித்தான் பேசப் போறேன்.

ஏன் இதைப் பேசணும்? புனே, பெங்களூர், குர்காவ்னு நாம குடியேறின ஊர்கள்ல நம்ம பிள்ளைங்க சில பேர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, லேப்டாப்ல இந்த மாதிரி டிராக் பண்ணிக்கிட்டு இருக்காங்க. நமக்கு இருக்கற கவலையெல்லாம் மார்க் குறையுமேங்கறதுதான். எனக்கு வேற ஒரு கவலை. அதைச் சொல்ல கொஞ்சம் சரித்திரம் வேணும்.

ஹவுஸ் பிறந்தது சிகாகோவில். அங்கே 'வேர்ஹவுஸ்'னு ஒரு கிளப். 1977-லேர்ந்து ஃபிராங்கி நக்கில்ஸ் அங்கே ரெக்கார்ட் போட்டார். அந்த கிளப் பேர்லேர்ந்துதான் 'ஹவுஸ்'ங்கற பேரே வந்ததுன்னு சொல்வாங்க. டெக்னோ, கார் தொழிற்சாலை ஊரான டெட்ராய்ட் பக்கம். 1985-ல் ஜுவான் அட்கின்ஸ் 'மெட்ரோப்ளெக்ஸ்'னு சொந்தமா ஒரு லேபிள் ஆரம்பிச்சார். ரெண்டுமே, தெற்கு மாநிலங்களை விட்டு வேலை தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைஞ்ச ஊர். பிழைக்க வந்தவங்க வீட்டுப் பிள்ளைங்க உண்டாக்கின இசைன்னு சொன்னா, நமக்குப் புரியாதா என்ன?

ஆனா காசு யாருக்குப் போச்சு? சிகாகோவில் லாரி ஹெர்ட்னு ஒருத்தர். 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்'ங்கற பேர்ல 1986-ல் 'கேன் யூ ஃபீல் இட்' பண்ணினார். ஹவுஸ் கேக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச டிராக். பல வருஷமா ராயல்டி வரலைன்னு அவரும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் டிராக்ஸ் ரெக்கார்ட்ஸ் மேல வழக்குப் போட்டாங்க. 2022-ல் சமரசம் ஆகி, உரிமை அவங்க கைக்குத் திரும்பி வந்தது. டிராக் வந்து 36 வருஷம் கழிச்சு! நம்ம கணக்குல, ஒருத்தர் வேலைக்குச் சேர்ந்து ரிடையர் ஆகற காலம்.

இன்னொரு பக்கம் டெட்ராய்ட்ல 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்'. மேட் மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ் சேர்ந்து ஆரம்பிச்சது. முகத்தைக் கூட மறைச்சுக்கிட்டாங்க. ஆனா லேபிள் சொந்தம். ரெக்கார்டைக் கடைகளுக்கு அனுப்ப 'சப்மெர்ஜ்'ங்கற விநியோகமும் அவங்க வட்டத்துக்குள்ளேயே இருந்தது. 'அண்டர்கிரவுண்ட்'னதும் இருட்டு, போதைன்னு நாம பயப்படறோம். பார்ட்டி பத்தின பயம் நியாயம்தான், மறுக்கலை. ஆனா இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் சொந்தக் கடை.

இன்னிக்கும் புதுசா வர ரெக்கார்டுகள் பல 300, 500 பிரதிதான் அச்சாகுது. இவங்களை மாதிரி சின்ன ஆளுங்களுக்கு ஸ்ட்ரீமிங் உதவாது. 12 மாசத்துல 1000 தடவை கேக்கப்படாத டிராக்குக்கு ராயல்டி கிடையாதுன்னு 2024-லேர்ந்து ஸ்பாடிஃபையில் விதி. பேண்ட்கேம்ப்ல டிஜிட்டலா வாங்கினா அவங்க பங்கு 15 சதவீதம் (விற்பனை கூடினா 10), வினைல்னா 10. பணம் அனுப்பற செலவு போக மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ. எந்த வழி லாபம்னு சொல்ல பி.காம் வேண்டாம் :-)

இப்போ நம்ம வீட்டு விஷயம். பையனோ பொண்ணோ "அப்பா, ஒரு லேபிள் என் டிராக்கை எடுத்துக்கறாங்க"ன்னு வந்து நிப்பாங்க. முதல் ரிலீஸ், பேர் வந்தா போதும்னு நினைக்கற வயசு. அது தப்பில்லை, நல்ல லேபிள் ஆளைத் தூக்கி விடும். ஆனா அதுக்கு உரிமையையே எழுதிக் கொடுக்கணும்னு இல்லை. சில வருஷத்துக்கு லைசென்ஸ் கொடுத்தாலே போதும். வீட்டை வாடகைக்கு விடறதுக்கும் கிரயம் பண்றதுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

நம்ம காப்புரிமைச் சட்டமும் கொஞ்சம் துணைக்கு நிக்குது. உரிமையை எழுதிக் கொடுக்கறப்போ காலம் எவ்வளவுன்னு குறிப்பிடலைன்னா 5 வருஷம்தான் செல்லும். எந்த ஊருக்குன்னு சொல்லலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும். 2012 திருத்தத்துக்கு அப்புறம், இசையமைச்சவர் தன் ராயல்டிப் பங்கை கம்பெனிக்கு விட்டுக் கொடுக்கவே முடியாது. அதனாலதான் ஒப்பந்தத்துல 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்'னு எழுதிக்கிட்டு வருவாங்க. அந்த ரெண்டு வார்த்தையைப் பார்த்தா பேனாவை மூடி வச்சுட்டு ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க.

வீட்டுக்கடன் பத்திரத்துல ஒவ்வொரு பக்கமும் புரட்டிப் பாக்கற குடும்பம் நம்மது. பிள்ளையோட பாட்டுப் பத்திரத்தை மட்டும் "அதெல்லாம் எனக்குப் புரியாதுப்பா"ன்னு தள்ளி விடலாமா? பாட்டு புரிய வேண்டாங்க, பத்திரம் புரிஞ்சா போதும்.

உங்க வீட்டுல யாராவது இப்படி டிராக் பண்றாங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க.