கண்ணும் கணக்கும்

கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இரண்டு பொருள்களைக் கண்டு அஞ்சுகிறார். ஒன்று கத்தி, மற்றொன்று பில். கத்தியின் வலி தெரியாதிருக்கச் சொட்டு மருந்து இருக்கிறது. பில்லுக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் வந்தபாடில்லை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இது வேடிக்கை விஷயமன்று. இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் தறியில் உட்காருகிறவருக்கு இழை தெரியாவிட்டால் கூலி இல்லை. சங்ககிரியிலிருந்து லாரி ஓட்டிச் செல்கிறவருக்கு எதிர் வண்டியின் விளக்கு கண்ணில் சிதறினால் உயிருக்கே ஆபத்து. ஆயினும் கண்புரை வலிப்பதில்லை. ஆகவே, "அறுவடை முடியட்டும்", "பெண்ணின் கலியாணம் ஆகட்டும்" என்று தள்ளிப் போடுகிறார்கள். அந்தத் தாமதத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் 'எவ்வளவு ஆகுமோ' என்னும் பயந்தான்.

நாம் உபாத்தியாயராக இருப்பதனால், மாணவர்களின் பெற்றோர் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சொல்லும்படி நம்மிடம் கொண்டு வருவதுண்டு. அப்படி வந்த ஒரு பில்லில், முதலில் சொன்ன தொகை அறுவைக்கு மட்டுமே. லென்ஸ் தனி, கண்ணின் நீளத்தை அளந்து லென்ஸின் பவரைக் கணிக்கும் சோதனை தனி, மருந்து தனி. கூட்டல் பிசகாமல் இருந்தது. ஆனால் வாய்ப்பாடு தெரியாத மனிதரிடம் விடையை மட்டும் நீட்டுவது என்ன நியாயம்?

விலை வித்தியாசம் மிகுதியாக இருப்பது லென்ஸில்தான். தூரப் பார்வைக்கான சாதாரண லென்ஸ் வைத்துக் கொண்டால், படிக்கக் கண்ணாடி போட்டுக் கொள்ள வேண்டும். தூரம், கிட்டம் இரண்டையும் காட்டும் லென்ஸின் விலை பல மடங்கு. அதில் சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளி வட்டம் தோன்றுவதுண்டு. லாரி ஓட்டுகிறவர் பணம் கட்டுமுன் இதை அவசியம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

காப்புறுதி வைத்திருப்பவர்களும் பத்திரத்தை ஒரு முறை படிப்பது நல்லது. பல பத்திரங்களில் முதல் இரண்டு ஆண்டுகள் கண்புரைக்குப் பணம் கிடையாது. அதன் பின்னும் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும். மிச்சம் நம் தலையில்தான்.

பில் போடுகிற ஆஸ்பத்திரி தர்மமும் செய்ய முடியுமா? மதுரையில் இதற்கு விடை கண்டவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போன பின்பும் கத்தி பிடிக்கப் பழகியவர். 1976-ல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். குடும்பத்தார் நகைகளையும் அடகு வைத்துத் துணை நின்றனர். அங்கே கட்டணப் பகுதிக்குப் போவதா, இலவசப் பகுதிக்குப் போவதா என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. இரு பக்கத்திலும் வைத்தியம் செய்கிறவர்கள் அதே டாக்டர்கள். கொடுக்கக் கூடியவர்களின் பணம் கொடுக்க இயலாதவர்களின் செலவைத் தாங்குகிறது. ஒரே டாக்டர் நாளொன்றுக்குப் பல அறுவைகள் செய்யும்படி வேலையைப் பங்கிட்டிருப்பதால் தலைக்கு ஆகும் செலவும் குறைகிறது. சேலத்திலும் இன்று அதற்குக் கிளை உண்டு.

லென்ஸ் விஷயத்தில்தான் முதலில் கணக்கு உதைத்தது. வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலர் விற்ற காலம் அது. ஏழைக்குக் கிடைத்தது சோடாப் புட்டிக் கண்ணாடி. 1992-ல் ஆரோலேப் என்ற தொழிற்சாலையை மதுரையிலேயே நிறுவி, ஏறக்குறையப் பத்து டாலருக்கு லென்ஸ் செய்தார்கள். தர்மப் பிரசங்கங்களை விட அந்தத் தொழிற்சாலை ஏழைக்கு அதிகம் செய்தது என்பது நம் அபிப்பிராயம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு சங்கடம் இருந்தது. அறுவை இலவசம் என்று முகாம்களில் அறிவித்தும் பலர் வரவில்லை. விசாரித்ததில், போக வரச் செலவும், சாப்பாடும், துணைக்கு வருபவரின் கூலி நஷ்டமும் தடையாக இருப்பது தெரிந்தது. அதன் பின் வண்டியும் சாப்பாடும் சேர்த்தே கொடுக்கலானார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பாட்டிக்கு இன்று டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. கூட வரும் மகனுக்கு உண்டு. அவன் வீடு திரும்பும் வரையில் தறியும் ஓடாது.