வாயால் பிழைக்கும் தொழிலா?

பட்டம் பெற்ற மகள் மக்கள் தொடர்புத் துறைக்குப் போகிறேன் என்றதும், "வாயால் பிழைப்பதும் ஒரு தொழிலா?" எனக் கேட்கும் பெற்றோர் எம்மிடையே பலர். பொறியியல், கணக்கியல், மருத்துவம் என்பவற்றுக்கு அப்பால் எமது பார்வை செல்வதில்லை.

2010 ஆகஸ்ட் மாதம் 492 தமிழருடன் 'சன் சீ' கப்பல் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தது. அது கரைசேரும் முன்னரே, அதில் பயங்கரவாதிகள் இருக்கலாம் என்ற அமைச்சரின் கூற்றுச் செய்தியாகிவிட்டது. வந்தவர்களோ தடுப்புக்காவலில், வாய் திறக்க வழியில்லை. செய்தியாளரின் காலக்கெடுவை அறிந்து, அவர்கள் சார்பில் ஒரு பக்க அறிக்கையைத் திருத்தமான ஆங்கிலத்தில் எழுதத் தக்கவர்கள் அன்று எம்மிடம் எத்தனை பேர் இருந்தனர்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வேலையைத்தான் இத்துறை கற்பிக்கிறது. தொடக்கத்தில் ஊதியம் குறைவு. ஒப்பந்த வேலையே கிடைக்கலாம். மாதக்கணக்கில் செய்திகளைத் தொகுத்துக் கொடுப்பதே பணியாகவும் அமையலாம். இதை மறைப்பது முறையன்று. ஆயினும், பத்து வயதிலேயே வைத்தியரிடமும் அரச அலுவலகத்திலும் எமக்காக மொழிபெயர்த்த பிள்ளைகள் அல்லவா இவர்கள்!

ரொறன்ரோவின் ஹம்பரில் பட்டதாரிகளுக்கென்றே இப்பயிற்சிநெறி உண்டு. மகள் கேட்டால், கட்டணத்தை அவளுடன் அமர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.