முதுகுவலி என்று விட்டுவிடாதீர்கள்

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர் என் சின்னம்மா. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து லயத்துக்குத் திரும்பிய பிறகு முதுகு வலிக்கத் தொடங்கியது. ராத்திரி படுத்தால் வலி கூடும். கூடை சுமந்த முதுகுதானே என்று தோட்ட மருந்தகத்தில் பெனடோலும் தைலமும் கொடுத்து அனுப்பினார்கள். கால் மரத்த பிறகே மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியிருந்தது.

இதற்குக் கதிர் அறுவைச் சிகிச்சை என்றொரு முறை உண்டு. கத்தி படாது. முண்ணாணில் படும் கதிரைக் குறைத்து, கட்டியை மில்லிமீட்டர் துல்லியத்தில் குறிவைத்து, கூடிய கதிரைச் சில தடவையிலேயே செலுத்துவார்கள். 2021இல் வெளியான கனடா, அவுஸ்திரேலிய ஆய்வில், மூன்று மாதத்தில் வலி முற்றாக நீங்கியவர்கள் இம்முறையில் 35 சதவீதம். வழக்கமான கதிர்ச் சிகிச்சையில் 14. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வு அந்த மேன்மையைக் காணவில்லை. ஆகவே புது இயந்திரத்துக்காக மட்டும் நான் குரல் கொடுக்கவில்லை. ஒரே தடவை கொடுக்கும் 8 கிரே அளவான சாதாரணக் கதிரே பலரின் வலியைத் தணிக்கிறது. எதுவானாலும், கட்டி முண்ணாணை அழுத்தி நடை போகுமுன் நோயாளி போய்ச்சேர வேண்டும். போன நடை பெரும்பாலும் திரும்புவதில்லை.

தோட்ட மருந்தகங்களில் பணிபுரிவோரே, புற்றுநோய் கண்ட ஒருவர் முதுகு வலிக்கிறது என்றால் தைலத்தோடு அனுப்பாதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுங்கள்.